எங்கள் மூக்குக்குத் தெரியாத வாடை

2024 பெப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.10க்கு பிளேன்டீ. 5.35க்குப் பால்காரர் பன்னிரண்டு லீற்றர் பாலை இறக்கிவிட்டுப் போனார். மனைவி அதை அடுப்பில் ஏற்றினாள். நான் கடையின் முன்பக்கத்தைக் கூட்டினேன், கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தேன், அதன் வெப்பநிலையைப் பார்த்து எழுதினேன்: நான்கு பாகை. பிறகு தட்டுகளை அடுக்கினேன். மேல்தட்டில் சாதிக்காய்ச் சதையில் செய்த ஜாம், அம்பரெல்லாக் காயில் சட்னி, பலாக்காய் ஊறுகாய். நடுத்தட்டில் மூன்று வகை சீஸ்: வெறும் சீஸ், மிளகு போட்டது, புகை போட்டது. கீழ்த்தட்டில் புகை போட்ட கோழியும் தோரா மீனும்.

இதுவரை எல்லாம் வழக்கம்போல. திரும்பிப் பார்த்தால் மனைவி புகை போட்ட சீஸ் ஒன்றை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள்.

“ஏதாச்சும் தெரியுதா?” என்றேன்.

“புகை தெரியுது. பால் தெரியுது. வேற ஒண்ணும் தெரியலங்க.”

நானும் வாங்கி முகர்ந்தேன். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்தது.

எங்கள் கடை புளத்கொகுபிட்டிய பஸ் நிறுத்தத்திலிருந்து எண்பத்தாறு காலடி தூரத்தில் இருக்கிறது. பதப்படுத்திய, ஊறப்போட்ட, புகை போட்ட உணவுகளைக் கேட்ட அளவுக்கு வெட்டி நிறுத்துக் கொடுக்கும் கடை. கொழும்பில் இதற்கு டெலி என்று பெயர். இங்கே இன்னும் ஒரு பெயரும் ஒட்டவில்லை. ஜாம் கடை என்பார்கள் சிலர், சீஸ் கடை என்பார்கள் சிலர். தை மாதத்தில்தான் திறந்தோம், இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. நான் இருபத்தேழு வருடம் தோட்டத்து ரப்பர் தொழிற்சாலையில் இருந்தவன். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறை என் பொறுப்பில் இருந்தது. தோட்டம் ஷீட் செய்வதை நிறுத்தி, ரப்பர் பாலை அப்படியே விற்கத் தொடங்கியபோது என் வேலை முடிந்தது. மனைவி பதினாறு வருடம் தோட்டத்துத் துரையின் பங்களாக் குசினியில் சமையல் வேலையில் இருந்தாள். காய் அரிவதில் தொடங்கி, ஒவ்வொரு துரையின் வீட்டம்மாவும் கேட்டதைச் செய்து பழகி, சீஸும் ஜாமும் புகை போட்ட கோழியும் கற்றுக்கொண்டாள். இப்போது அந்த பங்களா ஹோட்டலாகிவிட்டது. போன வருடம் அவள் அங்கிருந்து விலகும்போது, சொந்தக் கடை போடப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

ஊர்க்காரர்கள் ஜாமும் ஊறுகாயும் வாங்குகிறார்கள். புகை போட்டவற்றை எப்போதாவதுதான் கேட்கிறார்கள். அதைத் தொடர்ந்து வாங்கக்கூடிய இடம் அந்த பங்களா ஹோட்டல் ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் சித்திரைக்கு மேல் கடையை இழுக்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்படி ஆனால் அவள் மறுபடி அதே குசினிக்குப் போய் வேலை கேட்கவேண்டும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை மாலை ஹோட்டலின் ஷெஃப் வந்திருந்தார். கொழும்பிலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. சிங்களத்தில் பேசுவார், மரியாதையான மனிதர். வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. நீண்ட விடுமுறைக்கு அறைகள் நிரம்பிவிட்டன, காலை உணவுத் தட்டில் இந்த ஊரில் செய்த ஒன்றை வைக்க விரும்புகிறேன் என்றார். மனைவி புகை போட்ட சீஸை வெட்டிக் கொடுத்தாள். அவர் மென்றார். தலையாட்டினார். பிறகு தலையாட்டல் நின்றது. மீதித் துண்டை மெதுவாகக் காகிதத் துவாலையில் சுற்றினார்.

“கை நல்ல கை,” என்றார். “ஆனால் விழுங்கியபிறகு பின்னால் ஒரு வாடை வருகிறது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. சாப்பாட்டில் இருக்கும் வாடை இல்லை.”

மீனையும் ருசித்தார். அதிலும் அதே வாடை என்றார். புதன்கிழமை காலை கொழும்புக்குப் போகும் வழியில் இன்னொரு முறை வருவதாகவும், அப்போதும் அது இருந்தால் மன்னிக்கவேண்டும், வேறு இடத்தில் சொல்லவேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்குப் பயம் வந்திருக்கவேண்டும். மனைவிக்கு வந்தது. எனக்கு வந்தது ஆச்சரியம். இரண்டு பேர் நாள் முழுவதும் கையாளும் பொருளில், இரண்டு பேருக்கும் தெரியாத ஒரு வாடை எப்படி இருக்க முடியும்?

அன்று மாலையே கொப்பியில் நான்கு சாத்தியங்களை எழுதினேன். பால், தண்ணீர், விறகு, புகை போடும் அலுமாரி. பாலும் தண்ணீரும் காரணமென்றால் வெறும் சீஸிலும் வாடை வரவேண்டும். விறகு விஷயத்தில் நான் ஆரம்பத்திலிருந்தே கண்டிப்பு. இந்தப் பக்கத்தில் எரிக்க எளிதாகக் கிடைப்பது ரப்பர் விறகு. அதை வாசலுக்குள்ளேயே விடவில்லை. லவங்கப்பட்டை உரித்தெடுத்த கறுவாக் குச்சி மட்டும்தான். அலுமாரியைக் கடைசியில் எழுதினேன். அது என் கையால் செய்தது. கணக்குக்காகத்தான் அதைப் பட்டியலில் சேர்த்தேன் என்று சொல்லவேண்டும்.

வெறும் சீஸ் ஒரு துண்டை எடுத்து, நெருப்பு மூட்டாத அலுமாரிக்குள் திங்கள் மாலையே வைத்து மூடினேன். செவ்வாய் காலை 6.40க்கு இன்னொரு துண்டைப் பின்முற்றத்தில் புதுக் கம்பிவலை மேல் வைத்து, கீழே கறுவாக் குச்சியைப் புகையவிட்டேன். 7.45க்கு நான்கு சாஸர்கள் தயார். ஒன்று, வெறும் சீஸ். இரண்டு, வழக்கமாக விற்கும் புகை போட்ட சீஸ். மூன்று, அலுமாரியில் சும்மா இருந்தது. நான்கு, முற்றத்தில் புகை காட்டியது. ஒவ்வொன்றின் அடியிலும் எண் எழுதிய காகிதத்தை ஒட்டினேன்.

“சீஸ் விக்கப் போறீங்களா, ஜோசியம் பாக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி. ஆனாலும் சாஸர்களின் விளிம்பை அவள்தான் துடைத்து வைத்தாள்.

முதலில் அகப்பட்டவர் பக்கத்து ஹார்ட்வெயார் கடை முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். தினமும் எட்டு மணிக்கு எங்கள் வாசலில் நின்று தேநீர் குடிப்பவர். அறுபது வயதிருக்கும். பிறந்ததிலிருந்து இதே ஊர். நான்கையும் நிதானமாகத் தின்றார்.

“எல்லாம் நல்லாத்தான் இரிக்கி தம்பி. ரெண்டாவதுதான் ராசா. நாலாவது என்னமோ மொட்டையா இரிக்கி.”

“வாடை ஏதும் வருதா நானா?”

“என்ன வாடை? சாப்பாட்டு வாடைதான் வருது. இன்னொரு துண்டு ரெண்டாவதுல தாங்க, திரும்ப மணந்து பாத்து சொல்றன்.”

“மணந்து பாக்கவா, மென்னு பாக்கவா?” என்றாள் மனைவி.

“ரெண்டும்தான் தங்கச்சி.”

அவருக்குப் பின் வந்த இருவரிடமும் கொடுத்துப் பார்த்தேன். இருவரும் இந்த ஊர்க்காரர்கள். இருவருக்கும் வாடை தெரியவில்லை. இருவரும் இரண்டாம் எண்ணையே நன்று என்றார்கள். மூன்றுக்கு மூன்று. இதை எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒருவேளை பிழை ஷெஃபின் நாக்கில்தானோ என்று மனைவியிடம் சொன்னேன்.

“அப்ப நாளைக்கு அவருகிட்ட அதச் சொல்லுங்க. ஒங்க நாக்கு சரியில்லைன்னு. நல்லா ஓடர் குடுப்பாரு.”

9.20க்கு மீன்காரர் வந்தார். நீர்கொழும்பிலிருந்து சின்ன லொறியில் செவ்வாயும் சனியும் வருவார். சிங்களவர்தான், ஆனால் அந்தக் கரையோரத்து ஆட்களைப்போலத் தமிழும் பேசுவார். எங்களைவிட இளையவர் என்பதால் சிங்களத்தில் தம்பி என்று பொருள்படும் மல்லி என்றுதான் கூப்பிடுவோம். தோரா மீனைத் தராசில் வைத்துவிட்டுச் சாஸர்களைப் பார்த்தார்.

“என்ன அக்கே, பரீட்சையா?”

“ஆமா மல்லி. சாப்பிட்டுட்டு மனசுல பட்டதச் சொல்லுங்க. மரியாதைக்குச் சொல்லக்கூடாது.”

ஒன்றைத் தின்றார், நல்லது என்றார். இரண்டைத் தின்றார், சிரித்தார். மூன்றை வாயருகே கொண்டுபோனவர், தின்னாமலே கீழே வைத்துவிட்டு, நான்காவதை எடுத்து முகர்ந்தார்.

“அனே அக்கே, இது ஷீட்தானே.”

“என்னா ஷீட்?”

“ரப்பர் ஷீட்! ரெண்டாவதுலயும் இருக்கு, புகை கொஞ்சம் மறைக்குது. மூணாவதுல அப்படியே அடிக்குது. நாலாவதுல ஒண்ணும் இல்ல.”

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஷீட் வாடை என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். இருபத்தேழு வருடம் ஷீட்டுகளைக் கையில் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து தரம் பிரித்தவன் இந்தக் கேள்வியை மீன்காரரிடம் கேட்டேன்.

“எப்படிச் சொல்றது மாத்தயா... புளிச்ச பால் மாதிரி, பழைய தார் மாதிரி. உங்க ஊருக்குள்ள ஏறுனா வர்ற வாடை. கேகாலை தாண்டி மேல வர்றப்போ, ஒரு வளைவுல மூக்குல வந்து அடிக்கும். அப்பத்தான் நான் சொல்வேன், சரி, வந்தாச்சின்னு.”

“எங்க ஊருக்கு வாடையா?” என்றாள் மனைவி.

“இருக்கு அக்கே. ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒங்க லொறியில அடிக்கிற மீன் வாடை தெரியுமா மல்லி ஒங்களுக்கு?”

“மீன் வாடையா?” அவர் உண்மையாகவே திகைத்தார். சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். “ஃபிரெஷ் மீன் அக்கே. ஃபிரெஷ் மீன் எங்க மணக்கும்?”

அவர் போனபிறகு நாங்கள் இருவரும் பின்முற்றத்துக்குப் போனோம். அலுமாரி தகரக் கூரைக்கடியில் நின்றது. ஆறடி உயரம், உள்ளே பதினான்கு மரச்சட்டங்கள். தோட்டம் புகை அறையை இடித்தபோது பலகைகளையும், ஷீட் தொங்கப்போடும் சட்டங்களையும் நான்தான் பொறுக்கியெடுத்தேன். வளைவில்லாத, பூச்சி விழாத, காய்ந்து இறுகிய மரம். அப்படி ஒரு மரத்தை இப்போது எங்கும் வாங்க முடியாது. மனைவி புதுத் தகரத்தில் ஒரு பெட்டி அடிக்கலாம் என்றுதான் சொன்னாள். நான் கேட்கவில்லை. சட்டங்களை மூன்று முறை சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தேன், இரண்டு முறை புளி போட்டுக் கழுவினேன், ஒன்பது நாள் வெயிலில் வைத்தேன். வாடை போய்விட்டதா என்று முகர்ந்தும் பார்த்தேன். போய்விட்டது என்று கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன். அந்த மரத்தில் பல வருடங்கள் ரப்பர் ஷீட்டுகள் சொட்டச் சொட்டத் தொங்கியிருந்தன. விறகை வாசலிலேயே தடுத்துவிட்டு ரப்பரை அலுமாரியாகச் செய்து நடுவில் நிறுத்தியிருக்கிறேன்.

கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். மூச்சை இழுத்தேன். கறுவாப் புகை. மரம். அவ்வளவுதான். அந்த வாடை என்னைச் சுற்றி இருக்கிறது என்று தெரிந்தபிறகும், தேடித் தேடி இழுத்தும், எனக்கு அகப்படவில்லை.

“வெளிய வாங்க,” என்றாள் மனைவி. “வருசக்கணக்கா புகைக்குள்ள நின்ன மனுசன் மூக்க நம்பி கடையத் தொறந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

“ஒனக்கும்தானே தெரியல.”

“நான் யாரு கூட குடும்பம் நடத்துறேன்?”

அதற்குமேல் அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் கண்ணாடிப் பெட்டியிலிருந்து புகை போட்ட சீஸ், கோழி, மீன் எல்லாவற்றையும் எடுத்து ஒரு வாளியில் போட்டாள். பின்னால் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள். நானா எட்டிப் பார்த்து, ஏன் வீணாக்குறீங்க, என்னிடம் கொடுங்கள் என்றார். உங்களுக்கும் வேண்டாம் நானா என்று சொல்லிவிட்டாள்.

மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை அழுத்தி வைத்த ஏழு வெறும் சீஸ்கள். அவற்றில் ஒன்றையாவது புதன் காலைக்குள் சுத்தமாகப் புகை போடவேண்டும். பால் காய்ச்சும் பெரிய அலுமினிய அண்டா கொழும்பிலிருந்து புதிதாக வாங்கியது, தோட்டத்துப் பொருள் எதையும் தொடாதது. அதற்குள் வைக்கத் தட்டு வேண்டும். நானாவின் கடையில் கம்பியும் குழாயும்தான். 10.25 பஸ்ஸில் கேகாலைக்குப் போய் எவர்சில்வர் தட்டு இரண்டு வாங்கினேன். கூடவே புது மூடி.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மீன்காரர் சொன்ன வளைவு எது என்று கண்டுபிடிக்கவேண்டும் என்பது என் ஆசை. கேகாலை நகரத்தில் டீசல், பழக்கடை, வடை எண்ணெய் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஏறத் தொடங்கியதும் ரப்பர் மரங்கள் வந்தன. இது இலையுதிர் காலம், மரங்கள் மொட்டையாக நின்றன, தரை முழுவதும் சருகாகக் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஆழமாக மூச்சு இழுத்தேன். பக்கத்தில் இருந்த பெண், எனக்கு வாந்தி வரப்போகிறது என்று நினைத்து, ஒரு பொலித்தீன் பையை எடுத்து நீட்டினாள். நன்றி சொல்லி வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஓரிடத்தில், ஒரு சிறு தோட்டக்காரரின் புகைக் கொட்டில் கீழே தெரிந்த வளைவில், ஏதோ ஒன்று வந்து போனதுபோல இருந்தது. வந்ததா, நான் விரும்பியதால் தோன்றியதா என்று தீர்மானிக்க முடியவில்லை. கொப்பியில் அந்த இடத்தில் கேள்விக்குறிதான் போட்டேன்.

1.50க்குக் கடைக்கு வந்தேன். 2.30க்கு அண்டாவின் அடியில் கறுவாக் குச்சியைப் பரப்பி, தட்டு வைத்து, மேலே ஒரு சீஸை வைத்து மூடினோம். தணலை மனைவி பார்த்துக்கொண்டாள். நான் நேரத்தைப் பார்த்தேன். 4.45க்கு எடுத்தோம். ஓரங்களில் வெளிர்ப் பழுப்பு நிறம். அலுமாரியில் வரும் கரும் பழுப்பு இல்லை.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இது சுத்தமா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மீன்காரர் சனிக்கிழமைதான் வருவார். எங்கள் மூக்கு இந்த வழக்கில் சாட்சி சொல்லாது. ஷெஃபிடம் குருட்டுத்தனமாகத்தான் நீட்டவேண்டும்.

மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். “வேணாம்னு சொன்னா திங்கக்கெழம நான் பங்களாவுக்குப் போய் கேட்டுருவேன். நீங்க ஒண்ணும் பேசக்கூடாது,” என்றாள். இதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். நான் அண்டாவின் அடியிலிருந்த சாம்பலை வழித்தேன்.

பிறகு அவளே எழுந்து, ஒரு துண்டு வெட்டிக்கொண்டு நானாவின் கடைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். நானா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர், வாயில் போட்டு மென்றார். முகம் சுருங்கியது.

“என்ன தங்கச்சி இது? காலையில தந்த மாதிரி இல்லியே.”

“என்னா கொறையுது நானா?”

“தெரியல. ருசி எங்கயோ போய்ட்டு. வேற யாரோ செஞ்சது மாதிரி இரிக்கி. மறுகா பழையபடி செய்ங்க, இது சரிவராது.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றாக இல்லை என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட வியாபாரியை அவர் பார்த்திருக்கமாட்டார். நான் அங்கேயே நின்று எழுதினேன்: மாலை 5.20, பிடிக்கவில்லை.

கடை மூடுவதற்கு முன் அலுமாரியைக் கழற்றி, பலகைகளையும் சட்டங்களையும் முற்றத்தின் கோடியில் அடுக்கினேன். மரம் என்னவோ இன்னும் நல்ல மரம்தான்.

மறுநாள், 21, புதன்கிழமை. முதல் வேலையே ஷெஃபுக்கு ருசி காட்டுவதாகிவிட்டது. 5.50க்குப் பாதி ஷட்டரைத்தான் உயர்த்தியிருந்தேன். ஹோட்டல் வாகனம் வந்து நின்றது. ஷெஃப் குனிந்து உள்ளே வந்தார். நான் இன்னும் கூட்டவில்லை, தட்டு அடுக்கவில்லை, வெப்பநிலை எழுதவில்லை. மனைவி கையைக் கழுவி, சீஸை வெட்டி, சாஸரில் வைத்து நீட்டினாள். அலுமாரியைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். சாப்பிடட்டும் என்று கண்ணால் தடுத்தாள்.

அவர் மென்றார். விழுங்கினார். விழுங்கியபிறகு காத்திருந்தார். பின்னால் வரவேண்டியது வருகிறதா என்று காத்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவருடைய தொண்டையையே நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இல்லை,” என்றார் சிங்களத்தில். “போய்விட்டது. என்ன செய்தீர்கள்?”

நான் சொன்னேன். அலுமாரி, சட்டங்கள், ஷீட், எல்லாம். அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு இன்னொரு துண்டை அவரே எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குப் பத்து வேண்டும் என்றார்.

நான் சரி என்று சொல்லப்போனேன். மனைவி முந்திக்கொண்டாள்.

“ஆறுதான் மாத்தயா,” என்றாள். “இந்த வாரம் ஆறுதான் இருக்கு. அவசரத்துக்கு அழுத்தினா சீஸ் சீஸா இருக்காது.”

பதினாறு வருடம் அந்த பங்களாக் குசினியில் அவள் ஆமாம் என்று மட்டுமே சொல்லியிருக்கிறாள். ஷெஃப் அவளைப் பார்த்தார். சரி, ஆறு, வியாழன் மாலை ஆள் அனுப்புகிறேன் என்றார். குனிந்து வெளியே போனார். வண்டி கிளம்பியது.

அதன்பிறகுதான் ஷட்டரை முழுதாக உயர்த்தினேன்.